சைக்கிள் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்: மாற்றித் தரலாமா, மறுத்து விடலாமா?

தஞ்சைத் தரணியில் சைக்கிள் தொழில் இன்று நேற்று வந்ததல்ல. வாடகை சைக்கிள் கடை, ஓவராயில் பட்டறை, உதிரிபாகக் கடை என்று மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்த காலம் ஒன்று உண்டு. கேரியரில் நெல் மூட்டையும், ஹேண்டில்பாரில் பால் கேனுமாக வாய்க்கால் கரையில் போன சைக்கிள்களுக்குக் கம்பி பிரேக்தான் இருந்தது. பிரேக் கட்டை தேய்ந்தால் நான்கு கட்டையை மாற்றுவோம். கம்பி வளைந்தால் நிமிர்த்துவோம். அத்துடன் வேலை முடிந்தது.

பின்னர் கேபிள் பிரேக் வந்தது. அடுத்து கியர் சைக்கிளும், அதனுடன் டிஸ்க் பிரேக்கும் வந்தன. இப்போது கடைக்கு வரும் இளைஞர்கள், "அண்ணே, என் சைக்கிளுக்கு ஆயில் டிஸ்க் மாட்டித் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் டிஸ்க் பிரேக்கைப் பார்த்துப் பழகியவர்கள் அதையே சைக்கிளிலும் எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

முடியாது என்றால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். முடியும் என்று சொல்லித் தவறாகச் செய்தால் ஓர் உயிருக்கு ஆபத்து. கடைக்கும் கெட்ட பெயர். எந்தச் சைக்கிளுக்கு மாற்றித் தரலாம், எதற்கு மறுக்க வேண்டும், மாற்றுவதென்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சில்லறைக் கடைக்காரரும் மொத்த வியாபாரியும் தெரிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை.

டெல்டாவுக்கு இது தேவைதானா?

மலைப்பாதையில் நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் போவதைத் தாங்க டிஸ்க் வேண்டும் என்பார்கள். நம் பகுதியோ சமவெளி. ஆற்றுப் பாலத்தின் ஏற்ற இறக்கமும், கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவும்தான் நமக்கு மலை. எனவே சூட்டுக்காக நமக்கு டிஸ்க் தேவையில்லை.

ஆனால் தண்ணீரும் சேறும் நமக்கு உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சம்பா, தாளடி வயல்களை ஒட்டிய பாதைகளில் வண்டல் சேறு ரிம்மில் அப்பிக்கொள்ளும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் எதுவானாலும், ரிம் நனைந்தால் பிடிப்புக் குறையும். அதிலும் முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால், பிரேக் பிடித்தும் சைக்கிள் சில கஜ தூரம் ஓடித்தான் நிற்கும். சக்கரம் கோட்டமாக இருந்தாலோ, பிரேக் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் பிடிக்காது.

டிஸ்க் தகடு ஹப் பக்கத்தில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. அதில் சேறு படுவது குறைவு. துளைகள் உள்ள மெல்லிய தகடு என்பதால் தண்ணீர் விரைவில் வழித்தெறியப்படும். ரிம் சற்றே கோணினாலும் பிரேக்குக்குப் பாதகமில்லை. பிரேக் கட்டை உரசி ரிம் தேய்வதும் இல்லை. ஆகவே மழைக்காலத்தில் தினமும் பள்ளிக்கோ வேலைக்கோ போகிறவருக்கு டிஸ்க் பிரேக் வெறும் அலங்காரம் அல்ல.

வேலை செய்யும் விதம்

பூட்டிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்ற பொறியாளர் காப்புரிமை பெற்றது 1902இல். இவ்விரண்டும் சேர்ந்ததுதான் நாம் 'ஆயில் டிஸ்க்' என்று சொல்லும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்.

கைப்பிடியில் ஒரு சிறு பிஸ்டன் உண்டு. அதை அழுத்தினால் குழாயில் உள்ள எண்ணெய் தள்ளப்பட்டு, கேலிப்பரில் உள்ள பெரிய பிஸ்டன்களை நகர்த்தும். அவை இரு பக்கமிருந்தும் பிரேக் கட்டைகளைத் தகட்டின் மேல் அழுத்தும். கட்டை தேயத் தேய பிஸ்டன் தானாகவே முன்னே வந்து நிற்கும். கேபிள் துருப்பிடிப்பது, இழுவை தளர்வது போன்ற தொல்லைகள் இதில் இல்லை.

கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கும் உண்டு. விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் வருவது இதுதான். தகடும் ஹப்பும் ஒரே மாதிரி இருந்தாலும், கேபிள் கைப்பிடியை வைத்துக்கொண்டு ஆயில் கேலிப்பரை இயக்க முடியாது. கைப்பிடி, குழாய், கேலிப்பர் மூன்றும் ஒரு செட்டாகவே மாற வேண்டும். இதை முதலிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பிரேமும் போர்க்கும்

விலை சொல்வதற்கு முன் சைக்கிளைச் சுற்றிப் பாருங்கள். முன் போர்க்கின் இடது காலின் அடியிலும், பின் சக்கரத்தின் இடது பக்கப் பிரேமிலும் கேலிப்பர் மாட்டுவதற்கான காதுகள் தயாரிப்பிலேயே இருக்கின்றனவா? இருந்தால் எந்த வகை? இரு துளைகளின் இடைவெளி 51 மி.மீ. என்றால் ஐ.எஸ். வகை, 74 மி.மீ. என்றால் போஸ்ட் வகை. இரண்டுக்கும் இடையே பொருந்தும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. தகட்டின் அளவுக்கேற்பவும் அடாப்டர் மாறும்.

காது இல்லாத பிரேமுக்கு என்ன செய்வது? "பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒரு பட்டையை வைத்துப் பற்ற வைத்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது. ரிம் பிரேக்கில் பிரேக் விசை போர்க்கின் மேற்பகுதியில் விழுகிறது. டிஸ்க்கில் அதே விசை போர்க்கின் ஒற்றைக் காலில், அதுவும் அடிப்பகுதியில் விழுகிறது. சாதாரணப் போர்க் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பற்ற வைத்த சூட்டில் மெல்லிய குழாய் இன்னும் பலவீனமாகும். ஓடும்போது முன் போர்க் முறிந்தால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார்.

முன்பக்கத்துக்கு மட்டும் டிஸ்க் வேண்டும் என்பவருக்கு ஒரு வழி உண்டு. சைக்கிளின் கழுத்துக் குழாய்க்கும் சக்கர அளவுக்கும் பொருந்துகிற, டிஸ்க் காது உள்ள முழுப் போர்க்கையே மாற்றலாம். நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்கே என்பதால், முன்பக்கம் மட்டும் மாற்றினாலும் பலன் தெரியும். பின்பக்கம் இருக்கிற பிரேக்கே தொடரலாம்.

பழைய பெரிய சைக்கிள்களுக்கு இந்த வழியும் இல்லை. 28 அங்குல ரிம், முன் ஹப்பில் 32 துளை, பின் ஹப்பில் 40 துளை என்பது அவற்றின் கணக்கு. கடையில் கிடைக்கும் டிஸ்க் ஹப்புகள் பெரும்பாலும் 32 அல்லது 36 துளை. அகலமும் பொருந்தாது. டிஸ்க் முன் ஹப் பொதுவாக 100 மி.மீ., பின் ஹப் 135 மி.மீ. பழைய சைக்கிள்களின் போர்க்கும் பின் பிரேமும் இதைவிட ஒடுங்கியவை. கம்பியை விட்டு நெம்பி அகலப்படுத்துவது வேலையல்ல, விபரீதம். இத்தகைய சைக்கிளுக்கு நல்ல பிரேக் கட்டையும், கோட்டம் எடுத்த சக்கரமும், இறுக்கமான கம்பியுமே சரியான சிகிச்சை.

சக்கரம் கட்டும்போது

காது உள்ள சைக்கிளில் டிஸ்க் ஹப் இல்லாத சக்கரம் இருந்தால், சக்கரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். இது நம் பட்டறைக்காரர்களின் கைவந்த கலைதான். ஆனாலும் வித்தியாசங்கள் சில உண்டு.

1. ரிம் பிரேக்கில் விசை ரிம்மிலேயே பிடிபடுகிறது. டிஸ்க்கில் ஹப் பிடிபட்டு, அந்த விசை ஸ்போக்ஸ் கம்பிகள் வழியாக ரிம்முக்குப் போகிறது. எனவே முன் சக்கரமானாலும் கம்பிகளை நேராகக் கட்டக்கூடாது. ஒரு கம்பி மூன்று கம்பிகளைக் குறுக்கிட்டுப் போகும் பின்னலே நம்பகமானது.

2. தகட்டுக்கு இடம் விடுவதற்காக ஹப்பின் இடது விளிம்பு உள்ளே தள்ளியிருக்கும். எனவே முன் சக்கரத்திலும் இடது, வலது கம்பிகளின் நீளம் சற்று வேறுபடும். ஒரே நீளக் கம்பியை எடுத்து இரு பக்கமும் போட்டால் ரிம் நடுவில் நிற்காது. ஹப்பையும் ரிம்மையும் அளந்து, கணக்குப் போட்டுக் கம்பி வாங்க வேண்டும்.

3. முன் சக்கரத்தில் இடது பக்கக் கம்பிகள் அதிக இறுக்கத்தில் இருக்கும். இரு பக்கமும் ஒரே இறுக்கம் வரவேண்டும் என்று தளர்த்திவிடாதீர்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் போதும்.

4. கோட்டம் எடுத்து முடித்ததும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்தி, மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பின் சக்கரத்தைக் கொண்டுவரச் சொல்லி இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

தகட்டை ஹப்பில் மாட்டுவதிலும் இரு வகை. ஒன்று, 44 மி.மீ. வட்டத்தில் ஆறு போல்ட் போடுவது. மற்றொன்று, பல் வைத்த ஹப்பில் தகட்டை நுழைத்து ஒரே வளையத்தால் பூட்டுவது. ஆறு போல்ட் வகைக்கு டி-25 நட்சத்திரச் சாவி வேண்டும். ஒன்றை இறுக்கியதும் அடுத்ததை இறுக்காமல், எதிர் எதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். தகட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுற்றும் திசையில் இருக்கட்டும். இறுக்கும் அளவு தயாரிப்பாளர் தாளில் இருக்கும்; அதற்கு டார்க் ரெஞ்ச் ஒன்று கடையில் இருப்பது நல்லது. கை மதிப்பு எல்லா இடத்திலும் செல்லாது.

கேலிப்பரை அதன் இரு போல்ட்டுகளிலும் சற்றே தளர்வாக விட்டு, கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டுகளை இறுக்கினால் தகட்டுக்கு நடுவில் வந்து நிற்கும். பிறகு சக்கரத்தைச் சுற்றி உரசல் கேட்கிறதா என்று பாருங்கள். சுற்றும் தகட்டின் பக்கம் விரலைக் கொண்டுபோக வேண்டாம். கத்தி போல வெட்டும். ஓட்டி வந்தவுடன் தொட்டால் சுடவும் செய்யும்.

இன்னொன்று. கேலிப்பர் போர்க்கின் பின்புறம் இருப்பதால், முன் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் அச்சைப் போர்க்கிலிருந்து வெளியே தள்ளும் விசை உண்டாகிறது. எனவே அச்சு நட்டும், குயிக் ரிலீஸ் பிடியும் நன்கு இறுகியிருக்கின்றனவா என்று பார்க்காமல் சைக்கிளைக் கையில் கொடுக்காதீர்கள்.

எண்ணெயில் ஏமாறாதீர்கள்

பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட்-3, டாட்-4 பிரேக் ஆயில் எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். "பிரேக் ஆயில்தானே" என்று அதையே சைக்கிளுக்கும் ஊற்றிவிடுகிறார்கள். ஷிமானோ, டெக்ட்ரோ போன்ற பிரேக்குகள் மினரல் ஆயிலில் இயங்குபவை. ஹேய்ஸ் போன்றவையும், ஸ்ராம் நிறுவனத்தின் பல பிரேக்குகளும் டாட் திரவத்தில் இயங்குபவை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதியோ கெட்டோ போய்விடும். சில நாள் பிரேக் பிடிக்கும்; பிறகு ஒரு நாள் பிடிக்காது. கைப்பிடியின் மூடியிலேயே எந்த எண்ணெய் என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். படித்துப் பார்த்து ஊற்றுங்கள். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு, தனித்தனி குழாய் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஊற்றியபின் குழாயில் ஒரு குமிழ்க் காற்றும் இருக்கக்கூடாது. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். காற்று இருந்தால் கைப்பிடி பஞ்சு போல உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. கீழே கேலிப்பரிலிருந்து சிரிஞ்சால் எண்ணெயை மேலே ஏற்றி, குமிழ்கள் முழுவதும் வெளியேறும் வரை பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. அப்போது பிரேக் கட்டைகளைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். சக்கரமும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

மாற்றிக்கொள்ள வேண்டிய கடைப் பழக்கங்கள்

நம் பட்டறைகளில் எதைக் கழுவுவதற்கும் மண்ணெண்ணெய். எதைத் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட். டிஸ்க் தகட்டுக்கும் கட்டைக்கும் இவை ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி பட்டாலும் பிரேக் கட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சத்தம் போடும், பிடிக்காது. பெரும்பாலும் கட்டையையே மாற்ற வேண்டிவரும். தகட்டைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹாலும், சுத்தமான புதுத் துணியும் தனியாக வைத்திருங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது தகட்டின்மேல் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

பஞ்சர் என்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பது நம் வழக்கம். ஆயில் டிஸ்க் சைக்கிளைக் கவிழ்த்தால், கைப்பிடித் தொட்டியில் சிறிது காற்று இருந்தாலும் அது குழாய்க்குள் போய்விடக்கூடும். ஸ்டாண்டில் மாட்டி வேலை செய்வதே நல்லது. கவிழ்க்க நேர்ந்தால், நிமிர்த்தியபின் கைப்பிடியைப் பலமுறை அழுத்திப் பார்த்து, கெட்டியாக நிற்கிறதா என்று உறுதி செய்த பின்னரே கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது கைப்பிடியை அழுத்தவே கூடாது. பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். பிறகு தகடு நுழையாது. கட்டைகளுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டையைச் செருகி வையுங்கள்.

புதுக் கட்டை போட்டதும் முழுப் பிடிப்பு வராது. மிதமான வேகத்தில் ஓட்டி, சக்கரம் இறுகி நிற்காத அளவுக்கு அழுத்தி, இருபது முப்பது தடவை வேகம் குறைத்தால்தான் கட்டையும் தகடும் ஒன்றுக்கொன்று படியும். இதைக் கடையிலேயே செய்து கொடுங்கள். நம் நாட்டில் வலது கைப்பிடி முன் பிரேக்குக்கு என்பதே வழக்கம். வெளிநாட்டுச் செட்டுகள் சில மாறி வரும். அப்படியே மாட்டிவிட்டால், பழக்கமில்லாதவர் அவசரத்தில் முன் பிரேக்கை அழுத்திக் கவிழ்ந்துவிடுவார்.

சரக்கும் கணக்கும்

மொத்த வியாபாரிகள் இதில் அவசரப்பட வேண்டாம். பிரேக் கட்டையின் வடிவம் மாடலுக்கு மாடல் வேறுபடும். எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினால் பணம் முடங்கும். சில வடிவங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டுகளுக்குப் பொதுவாக வருகின்றன. அவற்றை மட்டும் இருப்பில் வையுங்கள். தகட்டில் 160, 180 மி.மீ. ஆறு போல்ட் வகை, அடாப்டர்கள், மினரல் ஆயில், கேபிள் டிஸ்க் கட்டைகள் ஆகியவை முதலில் தேவைப்படும். மற்றவற்றுக்குப் பழைய கட்டையைக் கொண்டுவரச் சொல்லி, முன்பணம் வாங்கி வரவழைப்பதே நல்லது.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பில் போடாதீர்கள். எண்ணெய், கருவி, பழுதுபார்ப்புக் கூலி போன்றவற்றுக்கு வரி விகிதம் வேறாக இருக்கலாம். அவற்றைத் தனி வரியில் எழுதி, தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூலி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். பஞ்சர் ஒட்டும் வேலை அல்ல இது. சக்கரம் கட்ட ஒரு நேரம், காற்று எடுக்க ஒரு நேரம், ஓட்டிப் பார்த்துப் பழக்க ஒரு நேரம் என்று மூன்று நேரத்தையும் சேர்த்து, சிரிஞ்சு, சாவி வாங்கிய செலவையும் பல வேலைகளுக்குப் பங்கிட்டுக் கூலி சொல்லுங்கள். அந்தக் கூலியையும் உதிரிபாக விலையையும் கூட்டினால் புதிய டிஸ்க் சைக்கிளின் விலைக்கு அருகில் வருகிறதா? அப்படியானால் அதை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்று ஒரு வேலை போகலாம். நாளை ஒரு சைக்கிள் விற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதில் 'பொருள் பொறுப்பு' என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரிப்பாளர் மட்டுமல்ல, விற்பவரும் பழுது பார்ப்பவரும் சில சூழ்நிலைகளில் இழப்பீடு தர வேண்டியவர் ஆகிறார். பொருளை விற்பவர் அதை மாற்றியமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால் அவர் பொறுப்பாளி. பொருளைப் பூட்டுவதிலும், சரிபார்ப்பதிலும் நியாயமான கவனம் காட்டாவிட்டாலும், தயாரிப்பாளரின் எச்சரிக்கைகளை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காவிட்டாலும் பொறுப்பு வரும்.

போர்க்கில் பட்டை பற்ற வைத்த கடைக்காரருக்கும், எண்ணெய் மாற்றி ஊற்றியவருக்கும் இது எப்படிப் பொருந்தும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பில்லில் என்ன மாட்டினோம், எந்த எண்ணெய் ஊற்றினோம், எந்தத் தேதியில் செய்தோம் என்று எழுதுங்கள். அச்சிட்ட எச்சரிக்கைத் தாளை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள். மறுத்த வேலைக்கும், "இந்தப் பிரேமுக்கு டிஸ்க் பொருந்தாது என்று சொல்லப்பட்டது" என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது.

முடிவாக

தயாரிப்பிலேயே காது உள்ள சைக்கிள், கேபிள் டிஸ்க்கிலிருந்து ஆயில் டிஸ்க்குக்கு மாற விரும்பினால், தாராளமாக மாற்றித் தரலாம். காது இருந்து ஹப் இல்லாவிட்டால், சக்கரம் கட்டித் தெரிந்தவர் செய்து தரலாம். தினமும் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு, செலவு குறைந்த கேபிள் டிஸ்க்கே பெரும்பாலும் போதும். கிராமத்தில் நின்றுவிட்டாலும் சாதாரணக் கேபிள் ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்ளலாம். காது இல்லாத சைக்கிளுக்கு முன் போர்க் மாற்றுவது ஒன்றே வழி. அதற்கும் பொருந்தாவிட்டால் மறுத்துவிடுவதே வியாபாரம்.

தமிழக அரசு 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர்களுக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கியபோது, "இனி நம் விற்பனை என்ன ஆகும்?" என்று கலங்கியவர்கள் உண்டு. அத்தனை சைக்கிளுக்கும் பஞ்சர் ஒட்டவும், கட்டை மாற்றவும் ஊருக்கு ஒரு கடை தேவைப்படத்தான் செய்தது. டிஸ்க் பிரேக்கும் அப்படித்தான். சைக்கிளை எங்கே வாங்கினாலும், பிரேக் பிடிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் தேடி வருவது பக்கத்துத் தெருக் கடையைத்தான். அவருக்கு வேலை தெரிந்த கையும், முடியாததை முடியாது என்று சொல்லும் நாணயமும் அங்கே கிடைக்கட்டும். வியாபாரம் தானே வளரும்.